சொக்சோ ‘இல்லை’ என்றால் வழக்கறிஞர் வேண்டுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு, பிறையில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 48. தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தார். 14 மாதங்களுக்கு முன் லோரியில் இருந்து 25 கிலோ மூட்டையை இறக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பில் அடி. “தைலம் போட்டுப் படு, சரியாகிவிடும்” என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். மறுநாள் கிளினிக்கில் இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். அப்புறம் ஐந்து மாதம் வலியோடு வேலைக்குப் போனார். முடியாமல் போனபோது கம்பெனி கேட்டபடி ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்பது மாதமாக வீட்டில்தான் இருக்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் டிஸ்க் நரம்பை அழுத்துகிறதாம். சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இலாட், அதாவது உடல் இயலாமை, பென்ஷனுக்கு மனுப் போட்டோம். டாக்டர்கள் முன்னால் உட்கார்ந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஐந்து வாரத்துக்கு முன் “இலாட் இல்லை” என்று கடிதம் வந்தது. மருத்துவமனையில் பழக்கமான ஓர் அண்ணன், தெரிந்த லாயரை வைத்து எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இப்போது 800 வெள்ளி (ரிங்கிட்), பணம் வந்ததும் 30 விழுக்காடு கேட்கிறார். கொடுக்கலாமா? கம்பெனி மேல் கேஸ் போட முடியுமா? ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டை வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த 800 வெள்ளியைக் கொடுக்காதீர்கள் சகோதரி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. சொக்சோ கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். மேல்முறையீட்டுக்கு அன்றிலிருந்து 90 நாள்தான். ஐந்து வாரம் போய்விட்டது, மிச்சம் 55 நாள். கடிதம் வந்த உறை இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். தேதிச் சண்டை வந்தால் தபால் முத்திரைதான் சாட்சி.

வழக்கறிஞர் வேண்டுமா என்பதற்கு நான் கடிதத்தைப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை. சொக்சோ இரண்டு விதமாக ‘இல்லை’ சொல்லும். “உங்கள் உடம்பு அந்த அளவுக்கு மோசமில்லை” என்பது ஒன்று. இதைச் சொல்வது டாக்டர்கள் குழு, ஜெமாஆ டாக்டர். இதை எதிர்த்துப் போக வேண்டிய இடமும் இன்னொரு டாக்டர்கள் குழுதான், ஜெமாஆ டாக்டர் ராயுவான். “இது வேலை விபத்தே இல்லை”, “உங்கள் சந்தா போதாது” என்பது இன்னொன்று. அது சட்டக் கேள்வி. அதற்கு ஜெமாஆ ராயுவான் கெசெலாமாதான் சோசியல் (சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு மன்றம்) என்று தனி மன்றம் இருக்கிறது. அங்கே சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, வழக்கறிஞருக்கு வேலை உண்டு.

உங்களுக்கு வந்திருப்பது முதல் வகை. டாக்டர்கள் முடிவு செய்யும் அறையில் கறுப்பு கோட்டு போட்டவன் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. என் தொழிலைப் பற்றி நானே இப்படிச் சொல்வது சில நண்பர்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் அங்கே பேசப் போவது உங்கள் ஸ்பெஷலிஸ்ட் எழுதித் தரும் ரிப்போர்ட்டும் உங்கள் கணவர் வாயும்தான்.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். உங்கள் கணவரைப் போலத்தான், இடுப்பு. டாக்டர்கள் என்ன கேட்டார்கள் என்றேன். “போலே ஜாலான்?” (நடக்க முடியுமா?) என்று கேட்டார்களாம். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “போலே (முடியும்) டாக்டர்.” உட்கார முடியுமா? “போலே.” வீட்டில் என்ன செய்கிறீர்கள்? “சும்மா, பூந்தோட்டம் பார்த்துக்கொண்டு.” பூந்தோட்டம் என்பது வாசலில் இருந்த இரண்டு பூச்சட்டி. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது பேரன். இவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். டாக்டர் முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சம். அறைக்கு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை உள்ளே இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. நம் ஆண்களுக்கு இது ஒரு வியாதி. வலியை மறைப்பதை மரியாதை என்று நினைக்கிறார்கள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. ‘போலே’ என்று நிறுத்தாமல் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். நடக்க முடியும், ஆனால் பத்து நிமிடத்தில் இடது கால் மரத்துப் போகிறது. உட்கார முடியும், அரை மணிக்குள் எழுந்து படுக்க வேண்டும். உங்கள் கணவருக்கு உண்மையில் எத்தனை நிமிடமோ அதைச் சொல்லட்டும். நீங்கள் இன்றிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். இரவு எத்தனை முறை எழுந்தார், சட்டை போட யார் உதவினார்கள், என்ன மாத்திரை, மாத்திரை போட்டபின் எவ்வளவு நேரம் மயக்கமாக இருந்தார் என்று தேதி போட்டு எழுதுங்கள். மூன்று வாரக் குறிப்பு போதும். அதை வைத்துத்தான் ஸ்பெஷலிஸ்டிடம் பேச வேண்டும்.

ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட்டில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. முடிவில் எல்4-எல்5 என்று டிஸ்க் நம்பர் போட்டிருக்கும், நோயின் பெயர் இருக்கும். இவரால் என்ன வேலை செய்ய முடியும், என்ன முடியாது என்பது இருக்காது. 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் நோயின் பெயரைக் கேட்கவில்லை. நிலைமை நிரந்தரமா, குணமாக வாய்ப்பு இல்லையா, அதனால் நல்ல உடல்நிலையில் உள்ள ஒரு தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கையாவது இவரால் சம்பாதிக்க முடியாதா என்றுதான் கேட்கிறது. மூட்டை தூக்க முடியாது என்பது மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். “மூட்டை தூக்காவிட்டால் காவலாளி அறையில் உட்காரலாமே” என்று டாக்டர்கள் குழு நினைத்திருக்கலாம். எட்டு மணி நேரம் நாற்காலியில் ஏன் உட்கார முடியாது என்பதற்கும் ரிப்போர்ட்டில் பதில் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் உட்காரலாம், நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், அறுவை சிகிச்சை செய்தால் மாறுமா, செய்யாததற்குக் காரணம் என்ன என்றெல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். அரசாங்க மருத்துவமனையில் ரிப்போர்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நாளைக்கே ரிப்போர்ட் மனுப் போடுங்கள். ரிப்போர்ட் வரும்வரை மேல்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். மேல்முறையீட்டை முதலில் கொடுத்து, ரிப்போர்ட்டைப் பின்னால் தருகிறோம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

“விடுங்க, இன்னும் மோசமான பிறகு புது மனுப் போட்டுக்கலாம்” என்று யாராவது சொல்வார்கள். உங்கள் வீட்டு விஷயத்தில் அது ஆபத்து. சந்தா விவரம் நீங்கள் எழுதியிருந்ததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணவர் 22 வருடத்துக்கு முன் முதல் வேலையில் நான்கு வருடம் சந்தா கட்டியிருக்கிறார். அப்புறம் சொந்தமாக ஏதேதோ தொழில், சந்தா இல்லை. கடைசியாக இந்தத் தொழிற்சாலையில் 38 மாதம். மொத்தம் 86 மாதம்.

முழு இலாட் பென்ஷனுக்கு இரண்டு வழி. மனு சொக்சோவுக்குப் போய்ச் சேர்ந்த மாதத்துக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா இருக்க வேண்டும். இல்லையென்றால், முதன்முதலில் சந்தா கட்ட ஆரம்பித்ததில் இருந்து எண்ணி மூன்றில் இரண்டு பங்கு மாதங்கள். 22 வருடம் என்றால் 264 மாதம். மூன்றில் இரண்டு பங்கு 176. உங்களிடம் இருப்பது 86, எட்டாது. குறைந்த பென்ஷனுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும், அது 88. இரண்டு மாதத்தில் தவறுகிறது! ஆகவே உங்களைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த 40-க்கு 24 மட்டும்தான்.

பழைய மனு உயிரோடு இருக்கும்வரை பழைய தேதிதான் கணக்கு, பிரச்சினை இல்லை. அதைக் கைவிட்டுப் புது மனுப் போட்டால் 40 மாதமும் புதிதாக எண்ணப்படும். இன்றைக்குப் போட்டால் ஒன்பது மாதம் காலி, 31 மாதம் சந்தா, தப்பிக்கலாம். காலி மாதம் 16 ஆனாலும் சரியாக 24 நிற்கும். 17 ஆனால் 23, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிடைப்பது மொத்தமாக ஒரு தொகை, மாதப் பென்ஷன் இல்லை. மாதப் பென்ஷன் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் ஆரம்பிக்கும். முதல் 24 மாதத்துக்கு மேல் கட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 1 விழுக்காடு கூடும், 65-க்கு மேல் போகாது. உங்கள் கணவருக்கு 55 விழுக்காடு வரும். சராசரி 2,200 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1,210 வெள்ளி. அவருக்குப் பின் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் உரிமை உண்டு. 90 நாளைத் தவறவிட்டால் பணயம் வைப்பது இதைத்தான். சொக்சோ அலுவலகத்தில் சந்தா அறிக்கை கேட்டு வாங்கி, என் கணக்கை மாதம் மாதமாகச் சரிபாருங்கள். பேஸ்லிப்பில் பிடித்திருந்தும் அறிக்கையில் இல்லாத மாதம் இருந்தால் அதை அங்கேயே புகாராகக் கொடுங்கள். அப்படி இரண்டு மாதம் அகப்பட்டாலே 88 ஆகிவிடும்.

சரி, இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த ஐந்து நிமிடம் இல்லை. விழுந்தது வேலையில்! ஆனால் நீங்கள் போட்டிருப்பது இலாட் மனு மட்டும். இலாட் என்பது எந்தக் காரணத்தால் முடியாமல் போனாலும் கேட்கலாம். வேலை விபத்து வேறு திட்டம். அதற்கு 24 மாதம், 40 மாதம் என்ற கதையே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விழுந்தாலும் பாதுகாப்பு உண்டு. அந்தத் திட்டத்துக்கான சந்தாவைக் கட்டுவதும் முழுக்க முதலாளிதான். நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. நிரந்தரப் பாதிப்பு என்று முடிவானால், டாக்டர்கள் எத்தனை விழுக்காடு என்று மதிப்பிடுவார்கள். 20 வரை என்றால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் மிச்சத்தை ஆயுள்வரை மாதா மாதமும் வாங்கலாம். அவர் முழுக்க முடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதில் இல்லை.

விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. தைலத்தோடு முடித்துவிட்ட கம்பெனி அதைச் செய்திருக்காது. தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், நீங்களே போய்க் கொடுங்கள். இங்கே தேவை ஆதாரம். மறுநாள் போன கிளினிக் அட்டையில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார்? “மூட்டை தூக்கும்போது விழுந்தார்” என்று ஒரு வரி இருந்தால் அது தங்கம். வெறும் ‘முதுகுவலி’ என்று இருந்தால் கஷ்டம்தான், ஆனால் முடிந்துவிடவில்லை. அன்றைக்குக் கூட இருந்தவர் யார், லோரி ஓட்டுநர் யார், சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பில் ஏதாவது அனுப்பினாரா, விரல்ரேகை பதியும் மெஷினில் அன்று நுழைந்த நேரம் என்ன, இதையெல்லாம் சேருங்கள். பழைய போனை விற்றுவிடாதீர்கள். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று காட்டிவிட்டால், எதிரான ஆதாரம் இல்லாதவரை அது வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படியும் சொக்சோ, “இது வேலை விபத்து இல்லை, வயதானால் வரும் தேய்மானம்” என்று மறுத்துக் கடிதம் கொடுத்தால், அது இரண்டாவது வகை ‘இல்லை’. அந்தக் கடிதத்தோடு தாமதிக்காமல் வழக்கறிஞரிடம் போங்கள். அங்கே பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் அதிகாரியும் உங்களுக்காக ஆஜராகலாம். கணவர் சங்கத்தில் இருந்தாரா என்று கேளுங்கள்.

கம்பெனி மேல் கேஸ்? வேலையில் பட்ட காயத்துக்காக, சொக்சோ பாதுகாப்பில் இருக்கும் தொழிலாளி முதலாளியிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. அதே சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு அந்தக் கதவை மூடியிருக்கிறது. சொக்சோ கொடுக்கிறது, அதனால் முதலாளி தப்பிக்கிறார், இதுதான் ஏற்பாடு. நியாயமா என்று கேட்டால் எனக்கும் மனக்குறை உண்டு, ஆனால் சட்டம் அதுதான். இதைச் சொல்லாமல் டெபாசிட் கேட்கும் யாரையும் நம்பாதீர்கள். ராஜினாமா விஷயத்தில், வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள் என்று புகார் கொடுக்க 60 நாள்தான் அவகாசம். அது கடந்துவிட்டது. இனி அதில் சக்தியை வீணாக்க வேண்டாம்.

இப்போது அந்த அண்ணன். இங்கே இவர்களுக்கு ரன்னர் என்று பெயர். வார்டு வாசலிலும் கேண்டீனிலும் உட்கார்ந்திருப்பார்கள், அன்பாகத்தான் பேசுவார்கள். ஜெயித்தால் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசி வழக்கு எடுக்க, 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் மலேசிய வழக்கறிஞரையே அனுமதிப்பதில்லை. வழக்கறிஞரே செய்யக் கூடாததை அவருடைய பெயரைச் சொல்லி இவர் எப்படிச் செய்வார்? அந்த லாயரின் பெயரையும் அலுவலகத்தையும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். சொக்சோவில் மனுக் கொடுக்கக் காசு இல்லை. ‘உள்ளே ஆள் இருக்கு’ என்பவர் உங்கள் கணவரின் ஐ.சி. (அடையாள அட்டை), பேங்க் புத்தகம் இரண்டையும் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது பாரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.

காசில்லாமல் கேட்க இடம் இருக்கிறது. பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் உண்டு. வருமானத்தைப் பார்ப்பார்கள், உங்கள் நிலைமையில் அது தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானிலும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது ‘எனக்கு நியாயம் வேண்டும்’ என்று ஆரம்பிக்காமல், சொக்சோ கடிதம், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், சந்தா அறிக்கை, கிளினிக் அட்டை நான்கையும் மேசை மேல் வைத்து, “90 நாளில் இத்தனை நாள் மிச்சம்” என்று ஆரம்பியுங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். உங்கள் வட்டாரத்து ஒய்.பி.யின் (மக்கள் பிரதிநிதி) சேவை மையத்தில் பாரம் நிரப்ப உதவுவார்கள். அதற்கு அவர்கள் போதும், மருத்துவ முடிவை மாற்ற அவர்களால் முடியாது.

ஓ.கே.யூ. அட்டை பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள், ஆனால் அது சமூகநலத் துறை கொடுப்பது, அளவுகோல் வேறு. அட்டை இருப்பதால் சொக்சோ இலாட் என்று ஒப்புக்கொள்ளாது. இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பணத்தை முடியாமை காரணம் காட்டி எடுக்க வழி இருக்கிறது. இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான் என்றால், இந்த மேல்முறையீட்டின் முடிவு தெரியும்வரை கை வைக்காமல் சமாளிக்கப் பாருங்கள். சொக்சோ 2007 முதல் நடத்தும் ‘ரிட்டர்ன் டு வர்க்’ (மீண்டும் வேலைக்கு) திட்டத்தில் சேரச் சொன்னாலோ, மலாக்காவில் உள்ள அவர்களுடைய மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினாலோ மறுக்காதீர்கள். வேலை கொடுத்துப் பென்ஷனை நிறுத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயப்படுவார்கள். நான் பார்த்தவரை, முயற்சி செய்தும் முடியவில்லை என்று அங்குள்ள தெரபிஸ்ட் எழுதும் குறிப்புக்கு நாம் கொண்டுபோகும் எந்தக் காகிதத்தைவிடவும் மதிப்பு அதிகம்.

இந்த வாரத்துக்குள் இரண்டு வேலை. மருத்துவமனையில் ரிப்போர்ட் மனு, சொக்சோ கவுண்டரில் மேல்முறையீடு. அன்றைக்கே விபத்துப் பாரத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியோடு சாப்பு (முத்திரை) குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். டாக்டர்கள் குழு முன் போகும் நாளில் முடிந்தால் நீங்களும் உடன் வர அனுமதி கேளுங்கள். அனுமதிக்காவிட்டால், அந்த நோட்டுப் புத்தகத்தைக் கணவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.